கொய்னா மரம்: ஒரு பட்டையின் 400 ஆண்டு வரலாறு

நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்து என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது பென்சிலின்தான். 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சையைக் கண்டார், உலகம் மாறியது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மரத்தின் பட்டை, மனித இரத்தத்துக்குள் இருந்த ஒரு நுண்ணுயிரைக் கொன்றுகொண்டிருந்தது. கொடுத்த வைத்தியருக்கும் அது தெரியாது, குடித்த நோயாளிக்கும் தெரியாது. கிருமி என்ற கருத்தே அப்போது பிறந்திருக்கவில்லை!

அந்த மரம்தான் சின்கோனா. அதன் பட்டையிலிருந்து எடுத்த மருந்து குயினைன். நம் தாத்தா பாட்டிகள் காலத்தில் அதற்குக் "கொய்னா" என்று பெயர். நாக்கில் பட்டால் கசப்பு இறங்கவே இறங்காது என்பார்கள்.

இந்தப் பட்டையின் வரலாறு மருந்தியல் வரலாறு மட்டும் இல்லை. யார் கண்டுபிடித்தார்கள், யார் எடுத்துச் சென்றார்கள், யார் பெயர் நிலைத்தது, யார் பெயர் மறைந்தது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நம் நீலகிரிக்கும் ஒரு பக்கம் உண்டு.

மரமும் மண்ணும்

சின்கோனா, காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், பெரும்பாலும் அதன் கிழக்குச் சரிவுகளில், மேகம் தவழும் காடுகளில் வளர்வது. கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா நாடுகள்தான் அதன் தாயகம். தோப்பாக வளரும் மரமும் அல்ல. அடர்ந்த காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். ஸ்பானிய மொழியில் அவர்களுக்குக் "கஸ்கரியேரோ" என்று பெயர். பட்டைக்காரர்கள் என்று சொல்லலாம்.

அவர்கள் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பட்டையை உரித்தார்கள். ஒரு மூட்டை பட்டைக்காகப் பல மரங்கள் விழுந்தன. இன்றைய ஈக்வடாரின் தெற்கே உள்ள லோஹா பகுதிப் பட்டைக்கு அந்நாளில் மிகுந்த மதிப்பு. 18-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நல்ல மரங்கள் அருகிவிட்டன என்ற கவலை ஸ்பெயின் அரசாங்கத்துக்கு வந்துவிட்டது. மருந்தின் புகழ் பரவப் பரவ மரம் குறைந்துகொண்டே போனது.

இன்னொரு விந்தையும் உண்டு. மலேரியாவுக்கு மருந்தான மரம் ஆண்டிஸில் இருந்தது. ஆனால் கொலம்பஸ் வருவதற்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் மலேரியா இல்லை என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நோய் கப்பலில் போனது. குறிப்பாக, அதன் கொடிய வகை அடிமை வணிகத்தோடு ஆப்பிரிக்காவிலிருந்து போனது. அப்படியானால் மலைவாழ் மக்கள் அந்தப் பட்டையை எதற்குப் பயன்படுத்தினார்கள்? குளிர் நடுக்கத்துக்கு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மலேரியாவின் முதல் அடையாளமும் நடுக்கம்தானே! ஒரு நடுக்கத்துக்குக் கொடுத்தது இன்னொரு நடுக்கத்தையும் தீர்த்துவிட்டது.

1630-களின் இறுதியில் வெளியான தன் வரலாற்று நூலில் அந்தோனியோ தெ லா கலாஞ்சா என்ற துறவி, லோஹா பகுதியில் "காய்ச்சல் மரம்" ஒன்று உண்டு, அதன் பட்டைப்பொடி லிமா நகரில் வியப்பான பலன்களைத் தந்தது என்று பதிவு செய்திருக்கிறார்.

பெயர் வாங்கிய சீமாட்டி

அந்த மரத்துக்குச் சின்கோனா என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா?

பெருவை ஆண்ட ஸ்பெயின் அரசப் பிரதிநிதி சின்சோன் பிரபு. அவருடைய மனைவிக்கு முறைக்காய்ச்சல் வந்ததாம். இந்தப் பட்டைப்பொடியால் பிழைத்தாராம். அந்த நன்றியில் ஏழைகளுக்கெல்லாம் பொடியை வாரி வழங்கினாராம், ஊர் திரும்பியபோது ஐரோப்பாவுக்கும் கொண்டுவந்தாராம். 1663-இல் செபஸ்தியானோ பாதோ என்ற இத்தாலிய மருத்துவர் எழுதிய நூலில் இந்தக் கதை அச்சேறியது. அதை நம்பிய லின்னேயஸ் 1742-இல் மரத்துக்குச் சீமாட்டியின் பெயரைச் சூட்டினார். அதிலும் ஒரு எழுத்தை விட்டுவிட்டதால் "சின்சோனா" ஆக வேண்டியது "சின்கோனா" ஆனது.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் பிரபுவின் அலுவல் நாட்குறிப்பை ஆராய்ந்தார்கள். 1941-இல் ஹாகிஸ் என்ற ஆய்வாளர் எல்லாவற்றையும் தொகுத்து எழுதினார். பிரபுவின் முதல் மனைவி, அவர் பெருவுக்குப் போவதற்கு முன்பே ஸ்பெயினில் இறந்துவிட்டார். இரண்டாம் மனைவி 1641-இல் ஊர் திரும்பும் வழியிலேயே, கார்த்தஹேனா துறைமுகத்தில் காலமானார். அவர் பட்டைப்பொடியால் பிழைத்ததாக நாட்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஐரோப்பாவுக்கு அவர் எதையும் கொண்டுவந்திருக்கவும் முடியாது.

ஆக, தொடர்பே இல்லாத ஒருவருக்கு மரத்தின் பெயர் போய்விட்டது. பட்டையைக் காட்டிக் கொடுத்த மலைவாசி யார்? அவர் பெயர் எங்கும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு பெயரைப் பார்க்கப் போகிறோம்.

உண்மையில் பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் இயேசு சபைத் துறவிகள். ரோம் நகரம் அப்போது மலேரியாவின் கோட்டை. 1623-இல் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்களையே அந்தக் காய்ச்சல் பலி வாங்கியிருந்தது. கர்தினால் ஹுவான் தெ லூகோ இந்தப் பொடியை ரோமில் பரப்பினார். 1649-இல், எப்போது, எவ்வளவு, எதில் கலந்து கொடுப்பது என்று அளவு சொல்லும் துண்டறிக்கையே வெளியானது.

இரகசிய மருந்து

துறவிகள் கொண்டுவந்தது என்பதாலேயே புரட்டஸ்டன்ட் நாடுகளில் அதை நஞ்சைப்போலப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் ராபர்ட் டால்பர் என்ற ஒருவர் வந்தார். மருத்துவப் பட்டம் கிடையாது, ஆனால் கெட்டிக்காரர். "அந்தத் துறவிகளின் பொடியை நம்பாதீர்கள்" என்று ஊருக்கெல்லாம் எச்சரித்துவிட்டு, தன்னுடைய இரகசிய மருந்தை விற்றார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் பிரான்ஸ் பட்டத்து இளவரசருக்கும் காய்ச்சல் குணமானது. செல்வமும் பட்டமும் குவிந்தன.

1681-இல் டால்பர் இறந்தார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அந்த இரகசியத்தை முன்பே விலை கொடுத்து வாங்கியிருந்தார். மறு ஆண்டு அது வெளியானபோதுதான் தெரிந்தது, மருந்தின் உயிர்நாடி அதே பட்டைதான்! திராட்சை மதுவில் ஊறவைத்திருந்தார், அவ்வளவுதான்.

சிரிப்பு வருகிறது. ஆனால் இதில் ஒரு அறிவியல் உண்மை இருக்கிறது. குயினைன் தண்ணீரில் எளிதில் கரையாது. மதுவில் நன்றாகக் கரையும். வெறும் பொடியை விழுங்குவதைவிட மதுச்சாற்றில் மருந்துப்பொருள் கூடுதலாக இறங்கியிருக்கும். தாவரச் சாறு எடுப்பதில் எந்தக் கரைப்பானைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் பாதி வெற்றி என்று இன்று ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். டால்பர் அதைத் தெரிந்து செய்தாரா, சுவையை மறைக்கச் செய்தாரா என்பது வேறு விஷயம்.

பட்டையிலிருந்து உப்பு

பட்டையில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒரு மூட்டை போல இன்னொரு மூட்டை இருக்காது. சின்கோனாவில் 20-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றில் மருந்து மிகுதி, ஒன்றில் சொற்பம், ஒன்றில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. போதாததற்கு வணிகர்கள் வேறு மரப்பட்டைகளைக் கலந்தார்கள். ஒருவர் பிழைத்தார், ஒருவர் இறந்தார். "மருந்தே பொய்" என்று ஒரு கூட்டமும் "தெய்வ மருந்து" என்று ஒரு கூட்டமும் 150 ஆண்டுகள் சண்டை போட்டதற்கு இதுவே பெரிய காரணம்.

1820-இல் அந்தச் சண்டை முடிவுக்கு வந்தது. பாரிஸ் நகரில் பெல்லெத்தியே, கவாந்தூ என்ற இரு மருந்தாளுநர்கள் பட்டையிலிருந்து சின்கோனைன், குயினைன் என்ற இரண்டு ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். இனி பொடியைக் கைப்பிடியால் அளக்க வேண்டாம். எடை போட்டுக் கொடுக்கலாம். அவர்கள் காப்புரிமை எடுக்காமல் செய்முறையை வெளியிட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1827-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் 10,000 பிராங்க் பரிசளித்தது.

தாவரத்திலிருந்து தூய மருந்துப்பொருளைப் பிரித்து, அளவு குறித்து, நோய்க்குக் கொடுக்கும் முறை உறுதிப்பட்ட காலம் இதுதான்.

குயினைனைச் செயற்கையாகச் செய்யும் முயற்சியும் ஒரு கிளைக்கதை. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் முயன்றார். மருந்து வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது! செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்துதான் பெருகியது. அந்தச் சாயங்களை வைத்துக் கிருமிகளுக்கு நிறமேற்றிப் பார்த்த பால் எர்லிக், நிறம் பற்றும் கிருமியைச் சாயத்தாலேயே கொல்ல முடியாதா என்று யோசித்தார். 1891-இல் மெத்திலீன் நீலச் சாயத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னாளில் வந்த சல்பா மருந்துகளுக்கும் இதே வழிதான் முன்னோடி. ஒரு பட்டையைப் போலச் செய்ய முனைந்தது எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது, பாருங்கள்.

கொல்வது எதை?

மருந்து வேலை செய்கிறது. ஆனால் எதன் மேல்? 1867-இல் ஜெர்மனியின் பான் நகரில் கார்ல் பின்ஸ் என்ற மருந்தியல் அறிஞர் நுண்ணோக்கியில் ஒன்றைக் கண்டார். தேங்கிய நீரில் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள் குயினைன் கலந்த நீரில் செயலிழந்து மடிந்தன. அப்படியானால் மலேரியாவும் இப்படி ஒரு சிற்றுயிரால்தான் வருகிறதோ, குயினைன் அதைத்தான் கொல்கிறதோ என்று அவர் ஊகித்தார். நோய்க்கிருமியைப் பார்ப்பதற்கு முன்பே, மருந்தை வைத்துக் கிருமியை ஊகித்தது எவ்வளவு நுட்பம்!

1880 நவம்பரில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகர இராணுவ மருத்துவமனையில் அல்போன்ஸ் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் அந்த ஒட்டுண்ணியை நேரில் கண்டார். குயினைன் கொடுத்த நோயாளிகளின் இரத்தத்திலிருந்து அவை மறைவதையும் குறித்துவைத்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று நம் நாட்டின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுக்குள் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். இரண்டரை நூற்றாண்டுகளாகக் குருட்டாம்போக்கில் கொடுத்த மருந்துக்கு அப்போதுதான் எதிரி யார் என்று தெரிந்தது.

இதன் செயல்பாட்டை எளிமையாகச் சொல்கிறேன். மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் மிஞ்சும் "ஹீம்" என்ற பகுதி ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதனால் அந்த நஞ்சைக் கரையாத படிகமாக்கி ஓரமாக ஒதுக்கிவிடுகிறது. குயினைன் இந்தப் படிகமாக்கும் வேலையைக் கெடுக்கிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஒட்டுண்ணி தன் கழிவாலேயே சாகிறது.

ஆனால் ஒன்று. சில மலேரியா வகைகள் கல்லீரலில் ஒளிந்து உறங்கும். குயினைன் அங்கே எட்டாது. அதனால்தான் குணமானவருக்கு மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சல் வந்தது. இன்னொன்று, இது எல்லாக் கிருமிகளுக்குமான மருந்து இல்லை. "கிருமிநாசினி மூலிகை" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோமே, எந்தக் கிருமி, எவ்வளவு அளவில், உடலின் எந்த இடத்தில் என்று கேட்காவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

விதை வேட்டை

19-ஆம் நூற்றாண்டில் குயினைன் வெறும் மருந்தாக இல்லை, படைக்கலம் ஆகிவிட்டது. 1854-இல் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் பெய்கி தலைமையில் ஒரு பிரிட்டிஷ் கப்பல் போனது. எல்லோருக்கும் முன்கூட்டியே குயினைன் கொடுத்தார்கள். ஐரோப்பியர் ஒருவர்கூடச் சாகவில்லை. அதற்கு முன் போனவர்கள் ஈசல்போல மடிந்திருந்தார்கள். காய்ச்சல் என்ற காவலன் விழுந்ததும் ஆப்பிரிக்காவின் உட்பகுதி குடியேற்ற நாடுகளுக்குத் திறந்துகொண்டது. நோயாளியைக் காத்த மருந்தேதான் நாடு பிடிப்பவனையும் காத்தது.

இந்தியாவில் தங்கள் படைக்கும் ஊழியருக்கும் குயினைன் வாங்க ஆங்கிலேயர் பெருந்தொகை செலவிட்டார்கள். ஆண்டிஸில் மரம் அருகி வந்தது. பெருவும் பொலிவியாவும் விதையையும் செடியையும் வெளியே விட மறுத்தன. எனவே விதை வேட்டை தொடங்கியது.

டச்சுக்காரர்கள் முந்தினார்கள். ஹாஸ்கார்ல் என்ற தாவரவியலாளர் 1852-இல் மாறுபெயரில் போய், விதையும் செடியும் திரட்டி ஜாவாவுக்குக் கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் நட்டார்கள். மரம் வளர்ந்த பிறகு பட்டையைச் சோதித்தால் பெரும்பாலும் மருந்தே இல்லாத இனம்!

ஆங்கிலேயர் 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆட்களை அனுப்பினார்கள். மார்க்கம் பெருவில் திரட்டிய செடிகள் செங்கடல் வெப்பத்திலும் வழித்துன்பத்திலும் வாடி அழிந்தன. வெற்றி கண்டவர் ஈக்வடாரில் இருந்த ரிச்சர்ட் ஸ்புரூஸ். அந்த ஆண்டுதான் நோயால் முதுகும் காலும் முடங்கிப் போயிருந்தார். அந்த நிலையிலும் சிம்போராசோ மலைச்சரிவில் செம்பட்டை இனத்தின் சுமார் 1,00,000 விதைகளும் 600-க்கும் மேற்பட்ட செடிகளும் சேர்த்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கடல் கடந்து கொண்டுவந்தார். அவை வந்து சேர்ந்த இடம் நம் உதகமண்டலம். ஆண்டு 1861.

நீலகிரியில் செம்பட்டை

உதகை அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் சின்கோனாவுக்கும் பொறுப்பு. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மெக்ஐவர் ஒரு நல்ல உத்தியைக் கண்டார். மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக மட்டும் உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். புதுப்பட்டை வளர்ந்தது. அதில் மருந்து முன்னைவிடக் கூடுதலாக இருந்தது! ஆண்டிஸில் மரத்தைச் சாய்த்தே பழகிய தொழிலுக்கு இது புதிய பாடம்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்? மலாக்கா, சிங்கப்பூர் பகுதிகளிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளும் அவர்களில் உண்டு. நடுவட்டத்தில் அவர்களை அடைத்துவைத்த சிறை இருந்தது. விடுதலையான சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே காய்கறி பயிரிட்டும் காப்பி விளைவித்தும் வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-களில் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தென் அமெரிக்க மரம், ஆங்கில அரசு, சீனக் கைதி, தமிழ் மனைவி! நடுவட்டம் என்ற சிற்றூரில் உலகமே கூடியிருந்தது.

2,472 நோயாளிகள்

இனி வருவது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி.

செம்பட்டையில் ஒரு குறை இருந்தது. குயினைன் குறைவு. அதன் உடன்பிறப்புகளான சின்கோனிடின், சின்கோனைன் போன்ற ஆல்கலாய்டுகள்தான் மிகுதி. அவற்றை மதிப்பற்றவை என்று வணிகர்கள் ஒதுக்கியிருந்தார்கள். உண்மையிலேயே மதிப்பற்றவைதானா? சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களில் குழுக்கள் அமைத்தார்கள். 1866 முதல் 1868 வரை 2,472 காய்ச்சல் நோயாளிகளுக்கு நான்கு ஆல்கலாய்டுகளையும் பிரித்துக் கொடுத்துக் கணக்கெடுத்தார்கள்.

குயினைன் பெற்றவர்கள் 846 பேர். குயினிடின் 664 பேர், சின்கோனைன் 559 பேர், சின்கோனிடின் 403 பேர். மருந்து பலிக்காதவர்கள் மொத்தம் 27 பேர் மட்டுமே. ஆயிரம் பேருக்கு என்று பார்த்தால், பலிக்காதவர்கள் குயினைனில் 7, குயினிடினில் 6, சின்கோனிடினில் 10, சின்கோனைனில் 23.

இன்றைய அளவுகோலில் இது குறையுள்ள ஆய்வுதான். மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழு இல்லை. தானாகவே தணிந்த காய்ச்சல்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். எல்லாம் மலேரியாதான் என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல அப்போது வழியும் இல்லை. இருந்தும், லாவெரான் ஒட்டுண்ணியைப் பார்ப்பதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, நான்கு மருந்துகளை எண்ணிக்கையால் ஒப்பிட்டார்கள் என்பது பெரிய விஷயம்.

அதைவிடப் பெரிய விஷயம் அதன் பொருள். மலிவான ஆல்கலாய்டுகளும் ஏறத்தாழ அதே அளவு நோய் தீர்க்கின்றன! அப்படியானால் தூய குயினைனுக்காகக் காத்திருக்க வேண்டாம். பட்டையின் எல்லா ஆல்கலாய்டுகளையும் சேர்த்து எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கலாம். 1870-களில் டார்ஜிலிங் பக்கத்திலுள்ள மங்ப்பூவில் அப்படி ஒரு கலவை மருந்தைத் தயாரிக்கவும் செய்தார்கள். 1892 முதல் வங்காளத்தில் தபால் நிலையங்களில் ஒரு பைசாவுக்குக் குயினைன் பொட்டலம் விற்றார்கள். சென்னை மாகாணத்திலும் பின்னர் அது வந்தது. எழுத்தறிவில்லாத கிராமத்துக்கும் தபால்காரர் போவார் அல்லவா? அருமையான யோசனை. ஆனாலும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் மலேரியாவில் இறந்த நாட்டுக்கு அந்தப் பொட்டலங்கள் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

பெயர் கிடைக்காத மனிதர்

முன்னே ஒரு பெயரைச் சொல்வதாக எழுதினேன். மனுவேல் இன்க்ரா மமானி.

பொலிவியாவைச் சேர்ந்த பழங்குடி மனிதர். பட்டைக்காரர். எந்த மரத்தில் மருந்து மிகுதி என்று இலையையும் பூவையும் பார்த்தே சொல்லக்கூடியவர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரிடம் பல ஆண்டுகள் பணியாற்றியவர். நல்ல இனத்தின் விதை வேண்டும் என்று லெட்ஜர் கேட்டார். விதை முற்றும் காலத்தில் உறைபனி விழுந்து பூவெல்லாம் கருகியது. மறு ஆண்டும் அப்படியே. அதற்கு மறு ஆண்டும் அப்படியே. மமானி காத்திருந்தார். 1865-இல் விதைகளைக் கொண்டுவந்து லெட்ஜரிடம் சேர்த்தார்.

லெட்ஜர் அவற்றை லண்டனில் இருந்த தன் சகோதரருக்கு அனுப்பினார். ஆங்கில அரசு வாங்கவில்லை. ஏற்கெனவே செம்பட்டை கையில் இருக்கிறதே என்ற எண்ணம். டச்சு அரசு ஒரு பவுண்டு விதையை 100 பிராங்குக்கு வாங்கியது. மீதியில் ஒரு பகுதி ஒரு தோட்ட முதலாளி மூலம் நீலகிரிக்கும் வந்தது. ஆனால் இங்கே அது பெரிதாகச் செழிக்கவில்லை. ஜாவாவில் முளைத்தது. அந்தப் பட்டையைச் சோதித்தபோது சிலவற்றில் 13 சதவீதம் வரை குயினைன்! மற்ற இனங்களில் 2, 3 சதவீதமே பெரிது. கைக்கு எட்டியதை ஆங்கிலேயர் வாய்க்கு எட்டாமல் விட்டார்கள். டச்சுக்காரர்கள் அந்த இனத்தைச் செம்பட்டை வேரில் ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். 1930-களில் உலகக் குயினைனில் 90 சதவீதத்துக்கு மேல் ஜாவாவிலிருந்தே வந்தது.

மமானி என்ன ஆனார்? 1871-இல் மீண்டும் விதை சேகரித்தபோது பொலிவிய அதிகாரிகளிடம் அகப்பட்டார். யாருக்காகச் சேகரிக்கிறாய் என்று சிறையில் அடித்தார்கள் என்று லெட்ஜர் எழுதியிருக்கிறார். விடுதலையான சில நாட்களில் இறந்துபோனார்.

அந்த இனத்துக்கு வைத்த பெயர் சின்கோனா லெட்ஜெரியானா. லெட்ஜருக்கு முதுமையில் டச்சு அரசு சிறு ஓய்வூதியமும் கொடுத்தது. மமானிக்குப் பெயரும் இல்லை, பொருளும் இல்லை. பேரினத்துக்கு, மருந்தைத் தொடாத சீமாட்டியின் பெயர். சிறந்த இனத்துக்கு, விதையை வாங்கி அனுப்பியவரின் பெயர். அறிந்தவருக்கும் உயிர் கொடுத்தவருக்கும் அடிக்குறிப்பில் ஓர் இடம்.

அவர் செய்தது சரியா என்றும் கேட்கலாம். தன் நாட்டுச் செல்வத்தை வெளியே கொடுத்தார் என்று பொலிவியர் சினந்ததில் நியாயம் உண்டு. அந்த விதையால் கோடிக்கணக்கானோர் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருப்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கல். உயிரினங்களின் மேல் அந்தந்த நாட்டுக்கு உரிமை உண்டு, பலனைப் பகிர வேண்டும் என்ற உலக உடன்படிக்கை 1992-இல்தான் ரியோ டி ஜெனிரோவில் வந்தது. மமானிக்கு 121 ஆண்டுகள் பிந்தி.

இலங்கையும் உலகப்போரும்

1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் புகுந்தது. காப்பி அழிய, தோட்ட முதலாளிகள் அவசரமாகச் சின்கோனா நட்டார்கள். காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து போயிருந்த தொழிலாளர்களின் கைகள்தான் இதையும் நட்டன, உரித்தன. 1886-இல் சுமார் 1.5 கோடி பவுண்டு பட்டை ஏற்றுமதியானது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் என்ன ஆகும்? விலை பாதாளத்துக்குப் போனது. மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

ஒரே தீவை உலகம் நம்பியிருந்ததன் விலை 1942 மார்ச்சில் தெரிந்தது. ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. ஐரோப்பாவில் இருந்த கையிருப்பு ஏற்கெனவே ஜெர்மானியர் பிடியில். அமெரிக்கா தாவரவியலாளர்களை மீண்டும் ஆண்டிஸ் காடுகளுக்கு அனுப்பிப் பழைய மரங்களைத் தேடியது! 1943 வங்கப் பஞ்சத்தில் பசியால் மெலிந்தவர்களை மலேரியா கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது. கொடுக்கக் குயினைன் போதவில்லை.

பிறகு குளோரோகுயின் போன்ற செயற்கை மருந்துகள் வந்தன. சின்கோனாத் தோட்டங்கள் சுருங்கின. நீலகிரியிலும் அந்த நிலங்களில் பெரும்பகுதி தேயிலையாகிவிட்டது. வால்பாறைக்கு அருகே "சின்கோனா" என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கும் இப்போது தேயிலைதான். பெயர் மட்டும் மிச்சம்.

இன்று

குளோரோகுயினை எதிர்த்து ஒட்டுண்ணி பழகிக்கொண்டது. அப்போது மீண்டும் ஒரு தாவரம்தான் கைகொடுத்தது. சீனாவில் தூ யூயூ குழுவினர் 1970-களின் தொடக்கத்தில் மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தார்கள். கொதிக்கவைத்தால் மருந்து கெடுகிறது என்று உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் ஈத்தரால் சாறு எடுத்ததுதான் திருப்புமுனை. மீண்டும் கரைப்பான்தான் கதாநாயகன்! 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடும் மலேரியாவுக்குக் குயினைனைவிட ஆர்ட்டிசுனேட் கூடுதல் உயிர்களைக் காக்கிறது என்று 2005, 2010 ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. குயினைன் இப்போது மாற்று மருந்தாகப் பின்வரிசையில் நிற்கிறது. காதில் இரைச்சல் முதல் இதயத் துடிப்புக் கோளாறு வரை அதற்குப் பக்க விளைவுகள் உண்டு. மூலிகைதானே என்று தானாக எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல.

மரத்தின் நிலை விசித்திரமானது. பெரு நாட்டின் அரசுச் சின்னத்தில் அது 1825 முதல் இருக்கிறது. ஆனால் காடுகளில் அதன் நல்ல இனங்கள் அருகிவிட்டன. அதே சமயம் காலபாகஸ் தீவுகளில் கொண்டுபோய் நட்ட செம்பட்டை இனம், அங்குள்ள தாவரங்களை அழிக்கும் களையாகப் பரவி, வெட்டி ஒழிக்கப் பாடுபடுகிறார்கள்.

மலேரியா போய்விடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மட்டும் சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அடுத்த மருந்து எந்தக் காட்டில், எந்தப் பட்டையில், எந்த மூதாட்டியின் கைவைத்தியத்தில் இருக்கிறதோ தெரியாது. அது கிடைக்கும்போது இரண்டு விஷயங்களை நாம் மறக்கக் கூடாது. அந்தச் செடி காட்டில் மிஞ்ச வேண்டும். அதைக் காட்டிக் கொடுத்தவரின் பெயர் ஏட்டில் மிஞ்ச வேண்டும்.